மூன்று படி கீழே

தண்ணீர் வரும் நாளில் டிரம்களை நிரப்புவது பெனிட்டாவின் வேலை. போர்ட் பிளேர் குட்வில் எஸ்டேட்டில் அவர்கள் இருந்த சந்துக்கு மூன்று நாளுக்கு ஒரு முறைதான் தண்ணீர், அதுவும் முக்கால் மணி நேரம். காலை ஐந்தே முக்காலுக்குக் குழாய் இருமும். ஆறரைக்கு நின்றுவிடும். அதற்குள் குளியலறையில் இரண்டு நீல டிரம், பின்வாசலில் ஒன்று, குடிக்க நாலு குடம். ரப்பர் ஓஸை ஒரு டிரம்மில் போட்டுவிட்டு, அது நிறைவதற்குள் முன்னறையில் படுத்திருக்கும் மாமனார் கஸ்பாரை இடப்பக்கமாகப் புரட்டி, முதுகுக்குத் தலையணை கொடுத்து, நனைந்த துணியை உருவிக்கொண்டு திரும்பி வந்தால், டிரம் விளிம்புக்கு ஒரு சாண் குறைவாக இருக்கும். இரண்டு வருடமாகச் செய்துவந்ததில் இது பிசகியதில்லை.

பிப்ரவரி முதல் வியாழக்கிழமை பிசகியது. சோப்புத் தட்டில் இருந்த கைபேசியில் சென்னையிலிருந்து ஒரு பதிவு வந்து இறங்கியிருந்தது. ஈரக் கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு அதைத் தட்டினாள். எட்டு வயலின், இரண்டு வயோலா, இரண்டு செல்லோ. துணி வெட்டுகிற மேசையில் சாக்பீஸ் தூசியைத் தட்டிவிட்டு அவள் பென்சிலால் எழுதி அனுப்பிய இசையை, அவள் முகம் பார்த்திராத பன்னிரண்டு பேர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். முதலில் செல்லோக்கள் இரண்டும், பக்கத்து வீட்டில் யாரோ கட்டிலை நகர்த்துவதுபோலத் தாழ்ந்த குரலில் நகர்ந்தன. வயலின்கள் ஒவ்வொன்றாக வந்து அதன்மேல் உட்கார்ந்தன. அவளுடைய சாக்ஸபோன் வரவேண்டிய இடத்தில் எல்லாமே ஒதுங்கி, வழிவிட்டு, காத்திருந்தன.

“ஏம்மா, தண்ணி வீணாப் போவுது” என்று கஸ்பார் குரல் கொடுத்தார். கட்டிலைவிட்டு எழ முடியாவிட்டாலும் காது அவருக்கு இன்னும் கூர்மைதான். பெனிட்டா கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றிருந்தாள். மூன்று நாள் பாத்திரம் தேய்க்க வேண்டிய தண்ணீர் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. அவள் ஓஸை மாற்றினாள். பாட்டை நிறுத்தவில்லை.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. வீட்டிலிருந்தே பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிறாள். பிறந்ததும் போர்ட் பிளேரில்தான். அப்பா மாதா கோயில் பேண்டில் டிரம் அடித்தவர். அவளுக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது, பேண்டில் சாக்ஸபோன் ஊதியவருக்கு மெயின்லேண்டுக்கு மாற்றலாகிவிட்டது. வாத்தியம் கோயில் அலமாரியில் கிடந்தது. எடுத்து ஊதிப் பார்த்த இரண்டு பேர் தலைசுற்றி உட்கார்ந்தார்கள். பெனிட்டா உட்காரவில்லை. அதன்பிறகு முப்பது வருடமாகத் தேர், கல்யாணம், அடக்கம் என்று எதுவானாலும் பேண்டுக்கு முன்னால் நடப்பவள் அவள்தான்.

இருபத்து மூன்றில் டெர்வினைக் கட்டிக்கொண்டு வந்தாள். திருச்செந்தூர்ப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து மீன்பிடிக்க வந்து போர்ட் பிளேரின் ஜங்கிளிகாட்டில் நிலைத்த குடும்பம். மாமியார் செல்வம்மாளுக்கு மருமகள் உதட்டில் குழலோடு நிற்பது பிடிக்கவில்லை. கஸ்பார்தான், “ஊதிட்டுப் போறா. நம்ம மீன் நாத்தத்த அவ பொறுத்துக்கிடலியா?” என்று பேச்சை முடித்துவைத்தார். செல்வம்மாள் இறந்து ஆறு வருடமாகிறது. இரண்டு வருடம் முன்பு படகுத்துறைப் பலகையில் வழுக்கி விழுந்து கஸ்பாருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. அன்றிலிருந்து அவருக்கு முன்னறை, பெனிட்டாவுக்கும் ஏறக்குறைய அதே அறை.

ஜாஸ் அவளுக்கு ஹேவ்லாக் தீவில் ஒட்டிக்கொண்டது. சீசனில் ஒரு ரிசார்ட்டில் வாரம் இரண்டு நாள் ஊதக் கூப்பிட்டார்கள். வெள்ளைக்காரர்களுக்கு ஜாஸ் வேண்டும் என்றார் மேனேஜர். அப்போது தீவில் நெட் இப்போதுபோல இல்லை. ஐந்து நிமிடப் பாட்டு இறங்க ஒரு மணி நேரம் ஆகும், பாதியில் அறுந்தும் போகும். இறங்கிய பாதியைப் பாடம் பண்ணிக்கொண்டு மீதியை அவளாகவே ஊதினாள். இதைத்தான் ஜாஸ் என்பார்கள் என்று ஒரு ஜெர்மன்காரர் அவளிடம் சொன்னார். அவள் நம்பவில்லை. ஏதோ ஏமாற்று வேலை செய்துவிட்டுப் பாராட்டு வாங்கியதுபோல ரொம்ப நாள் உறுத்திக்கொண்டிருந்தது.

அப்படிச் சேர்ந்த ஆறு மெட்டுகளை ஓர் ஆல்பமாகப் போடுவது என்று ஆனது. கீபோர்டுக்கு சுதாகர், கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன், கடைக்குப் பின்னால் இருந்த அறையில் மெத்தைகளைச் சுவரில் கட்டிப் பதிவு செய்தான். கிட்டாருக்கு பிரவீன்குமார். டிரம்முக்கு, வடக்கே மாயாபந்தர் பக்கத்திலிருந்து வரும், பர்மா வழி வந்த கரேன் இனத்துக்காரர் ஒருவர். ஹேவ்லாக்குக்குக் குடும்பத்தோடு விடுமுறைக்கு வந்திருந்த சந்திரமோகன் என்பவர் அவள் ஊதுவதைக் கேட்டார். சென்னையில் படங்களுக்கும் கோயில் பாட்டுகளுக்கும் வயலின், செல்லோ என்று ஸ்ட்ரிங்ஸ் வாசிக்கும் ஆட்களைக் கூட்டி வாசிக்கவைப்பவர். எழுதி அனுப்புங்கள், வேறு ஒரு பதிவு சீக்கிரம் முடிகிற நாளாகப் பார்த்து வாசித்துத் தருகிறோம் என்றார். ஜனவரி கடைசியில் அந்த நாள் திடீரென்று வந்தது. டிரம்காரர் மழையில் பாதை அடைபட்டு வடக்கே மாட்டிக்கொண்டதால் இங்கே பேண்டின் பதிவு அப்போது முடிந்திருக்கவில்லை. அதனால் சென்னையில் பேண்டைக் கேட்காமலே, தாளுக்கும் மெட்ரோனோமின் தட்டலுக்கும் வாசித்துவிட்டார்கள்.

அன்று மாலை, டெர்வின் படகு இஞ்சின் பட்டறையிலிருந்து வந்ததும் மாமனாருக்குக் காவலாக அவனை வாசலில் உட்காரவைத்துவிட்டு, பெனிட்டா சுதாகரின் கடைக்குப் போனாள். பேண்டின் பதிவையும் ஸ்ட்ரிங்ஸையும் ஒன்றாகச் சேர்த்து சுதாகர் ஓடவிட்டான்.

ஒரே தெருவில் இரண்டு சப்பரம் எதிரெதிரே வந்து, இரண்டு பேண்டும் நிறுத்த மறுத்ததுபோல இருந்தது. சுதாகர் சிரித்தான். மறுபடி ஓடவிட்டான். அப்புறம் சிரிக்கவில்லை. கீபோர்டின் பக்கம் குனிந்து எதையோ பார்த்தவன், நிமிராமலே சொன்னான்.

“அக்கா, கண்டுபிடிச்சுட்டேன். சந்தோஷப்படாதீங்க.”

சாக்ஸபோனுக்கு ஒரு குணம் உண்டு. அதில் ஸி என்ற சுரத்துக்கு விரல் வைத்தால் வெளியே வருவது பியானோவின் ஸி அல்ல. மூன்று அரைச்சுரப் படி தள்ளி நிற்கும் வேறொன்று. மற்ற ஊர்களில் அதைக் கணக்கில் வைத்துத்தான் தாளில் எழுதுவார்கள். பெனிட்டா வளர்ந்த பேண்டில் அந்த வழக்கம் கிடையாது. சாக்ஸபோன்காரர் சொல்வதுதான் அங்கே ஸி. எந்தக் காலத்திலோ கோயிலுக்கு ஒரு கீபோர்டு வாங்கியபோது, வாசித்தவர் அதன் சுருதிப் பொத்தானை மூன்று முறை அழுத்தி சாக்ஸபோனோடு பொருத்திவிட்டு, அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டினார். பிறகு வந்த ஒவ்வொருவருக்கும் அந்த டேப்பைத் தொடாதே என்று மட்டும் சொல்லப்பட்டது. சுதாகர் சொந்தமாக வாங்கிய கீபோர்டிலும் முதல் வேலையாக மூன்று முறை அழுத்தி டேப் ஒட்டினான். பிரவீன்குமாரின் கிட்டாரில் மூன்றாவது கட்டையில், கம்பிகளை அழுத்திப் பிடித்துச் சுருதியை ஏற்றும் ஒரு கிளிப் நிரந்தரமாகக் குடியிருந்தது. அது இல்லாமலும் கிட்டார் விற்பார்கள் என்பதே தனக்குத் தெரியாது என்பான். ஆக, பெனிட்டா ஸி என்றால் எல்லோரும் சேர்ந்து வேறொன்றை வாசித்தார்கள், எல்லோருக்கும் அது ஸியாக இருந்தது. முப்பது வருடத்தில் இதைத் தட்டிக்கேட்க வெளியாள் ஒருவர்கூட வந்து சேர்ந்து வாசித்ததில்லை.

சென்னையில் பன்னிரண்டு பேரும் தாளில் இருந்ததை ஒரு பிசகில்லாமல் வாசித்திருந்தார்கள். ஸி என்று எழுதிய இடத்தில் ஸி. பேண்டுக்கு மூன்று படி கீழே.

கம்ப்யூட்டரில் ஸ்ட்ரிங்ஸை மூன்று படி தூக்கிப் பார்த்தான் சுதாகர். வயலின்கள் கொசுக்கள் ஆயின. சரி, பேண்டு கீழே இறங்கிவிடலாம், டேப்பை உரித்தால் தீர்ந்தது, கிளிப்பை எடுத்தால் தீர்ந்தது என்று அவன் சொல்லிக்கொண்டே போனபோது பெனிட்டா பெட்டியைத் திறந்து வாத்தியத்தை எடுத்தாள். ஐந்து மெட்டுகள் சிரமத்தோடு இறங்கின. ஆறாவது, ஆல்பமே எதற்காகவோ அந்த மெட்டு, இறங்கவில்லை. சாக்ஸபோனின் ஆகக் கீழேயுள்ள சுரத்தில் தொடங்கும் மெட்டு அது. அடக்க ஊர்வலங்களில் வாத்தியம் சூடாக அவள் முதலில் ஊதுவது அந்தச் சுரத்தைத்தான். ஊதி ஊதி அதிலிருந்து கிளம்பி வந்த மெட்டு. அதற்குக் கீழே வாத்தியத்தில் துளையே கிடையாது.

“எட்டு சுரம் மேல தூக்கி ஊதிருங்களேன்” என்றான் சுதாகர். ஊதினாள். இருவரும் கேட்டார்கள். பிறகு அவன் எழுந்துபோய் டீ வாங்கி வந்தான்.

சந்திரமோகனிடம் மறுநாள் பேசினாள். தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, கையில் இருந்த சட்டைக்குப் பொத்தான் வைத்தபடியே, நடந்ததைச் சொன்னாள். மன்னிப்புக் கேட்டபோது மட்டும் ஊசியை நிறுத்தினாள். வாசிக்கும்போதே தனக்குச் சந்தேகம் வந்தது என்றார் அவர். வயலின்கள் எல்லாம் கொஞ்சம் கீழேயே உட்கார்ந்திருந்தன. கையெழுத்து அவ்வளவு சுத்தமாக இருந்ததால், தீவில் இப்படி ஒரு பாணி போலிருக்கிறது என்று விட்டுவிட்டாராம். கேட்டிருக்க வேண்டும், தன் மேலும் பாதித் தப்பு இருக்கிறது என்றார். பிறகு அவர் சொன்னதற்காகத்தான் பெனிட்டா அந்தச் சட்டையைக் கீழே வைத்தாள்.

“இருபத்திரண்டாம் தேதி ஞாயித்துக்கிழமை, மத்தியானம் ரெண்டு மணி நேரம் இதே பன்னெண்டு பேரும் ஸ்டுடியோல சும்மா இருப்பாங்க. நான் கேட்டா வாசிப்பாங்க, அதுக்கு நீங்க ஒண்ணும் தர வேண்டாம். ஆனா தாளை நம்பி இனிமே முடியாது மேடம். நீங்க வாங்க. தட்டல் கிட்டல் எதுவும் வேண்டாம். நடுவுல நின்னு நீங்க ஊதுங்க, சுத்தி உட்கார்ந்து நாங்க வாசிக்கிறோம். அந்த ஒரு மெட்டு மட்டும். மார்ச்ல நான் வெளிநாடு போறேன், திரும்பி வர ஆறு மாசம் ஆகும். அதுக்கப்புறம் இந்த ஆளுங்க எங்க இருப்பாங்கன்னு எனக்கே தெரியாது.”

விமானக் கட்டணம் அந்த மாதம் அவளுடைய மூன்று மாதத் தையலை விழுங்கும் அளவுக்கு ஏறிக் கிடந்தது. கப்பல்தான். பதினெட்டாம் தேதி புதன்கிழமை ஒன்று புறப்படுகிறது. போக மூன்று நாள், திரும்பும் கப்பலுக்காக அங்கே நாலு நாள், வர மூன்று நாள். மொத்தம் பத்து நாள். பெனிட்டா அந்த வீட்டைவிட்டு ஒரு நாளுக்குமேல் போய் இரண்டு வருடமாகிறது. கடல் தாண்டி மெயின்லேண்டுக்குப் போய்ப் பதினோரு வருடம்.

டெர்வினிடம் சொன்னபோது முதலில் அவனுக்குப் புரியவில்லை. சுதாகர் அனுப்பியிருந்த இரண்டு பதிவுகளையும், கீழே தொடங்குவதையும் மேலே தூக்கி ஊதியதையும், போட்டுக் காட்டினாள். அவன் தலையைச் சாய்த்து அக்கறையாகத்தான் கேட்டான்.

“எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்கு, பெனி.”

“நாத்தம் பிடிச்ச டீசலையும் நல்ல டீசலையும் மோந்தே சொல்லிருவியள்லா?”

“அது தொழிலு.”

“இது என்னதாம்?”

மறுநாள் காலை ஏழு மணிக்கே அவன் ஃபீனிக்ஸ் பே கப்பல் அலுவலகத்துக்குப் போய் டிக்கெட் வரிசையில் நின்றான். மூன்று மணி நேரம் நின்று, ஒரு படுக்கை டிக்கெட்டோடு வந்தான். சூட்கேஸின் உடைந்த கைப்பிடியைப் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் புதிதுபோலப் பற்றவைத்துக் கொடுத்தான். மாயாபந்தரில் இருக்கும் தங்கை ஜெயமணிக்குப் போன் போட்டுப் பத்து நாள் வந்து இருக்கச் சொன்னதும் அவனேதான். நின்று செய்கிற வேலை, ஓடிச் செய்கிற வேலை, தூக்குகிற வேலை எதற்கும் டெர்வின் முகம் சுளிப்பவன் அல்ல. படகு இஞ்சினின் எண்ணெய்க்குள் தோள்வரை கைவிட்டு மணிக்கணக்காகத் துழாவுவான். முன்னறைக்குள் மட்டும் அவன் இரண்டு வருடமாக வாசற்படியைத் தாண்டி வந்ததில்லை. படியில் உட்கார்ந்து அப்பாவிடம் பேசுவான். காற்று எப்படி, எந்தப் படகு என்ன பிடித்தது என்று எல்லாம் சொல்வான். துணி மாற்றுகிற நேரம் வந்தால் அவனுக்கு வெளியே ஒரு வேலை வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஜெயமணி வந்தாள். எட்டு மணி நேரம் பஸ்ஸில் குலுங்கி வந்தவள், பையைக் கீழே வைத்ததும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அப்பாவின் அறைச் சன்னலில் படிந்திருந்த தூசியைத் துடைத்தாள். வேலையில் கெட்டிக்காரி. வாயும் அப்படியே.

“மைனி, நீ போ, நிம்மதியாப் போ. பத்து நாள்ல அப்பாவ எந்திரிச்சு நடக்க வச்சிருதேன். எங்க அண்ணன நம்பாதே. அவனுக்குக் கிரீஸ்னா சந்தனம், மத்ததெல்லாம் சாக்கடை.”

டெர்வின் சிரித்துக்கொண்டே வெளியே போனான்.

இரவு கஞ்சியை ஜெயமணி ஊட்டினாள். கஸ்பார் பசிக்கவில்லை என்றார். திங்கட்கிழமை காலை இட்லியைக் கரைத்துக் கொண்டுபோனாள், வாயைத் திறக்கவில்லை. மத்தியானம் மீன் குழம்பு, அவருக்குப் பிடித்த சூரை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பெனிட்டா கொண்டுபோனாலும் வேண்டாமென்றார். தண்ணீர் மட்டும் இரண்டு மூன்று மடக்கு. செவ்வாய்க்கிழமைக்குள் கன்னம் உள்ளே விழுந்துவிட்டது. ஜெயமணி சமையலறையில் மூக்கைச் சிந்தினாள். மகள் எட்டு மணி நேரம் பயணம் பண்ணி வந்திருக்கிறாள், இவருக்கு மருமகள் போகிறாளே என்பதுதான் பெரிதாகிவிட்டது என்றாள். அவள் மேல் அதில் பிழை சொல்ல ஒன்றும் இல்லை.

செவ்வாய் மத்தியானம் ஜெயமணி கடைக்குப் போயிருந்தபோது பெனிட்டா அவரைப் புரட்டினாள். துணி காய்ந்தே இருந்தது. இரண்டு நாளாகக் காய்ந்தேதான் இருக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. உண்ணாதவருக்கு எதைக் கழுவ வேண்டும்? அவள் கட்டிலில் உட்கார்ந்தாள்.

“மாமா, இதுக்குத்தானா?”

கஸ்பார் வெகு நேரம் மின்விசிறியைப் பார்த்தார்.

“நான் குளுப்பாட்டிவிட்ட பிள்ளைம்மா அவ.”

மருமகள் என்ற உறவில் ஒரு தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தில் வெட்கத்தை ஒதுக்கிவைக்க அவருக்கு இரண்டு வருடம் பிடித்திருந்தது. மகளிடம் அப்படி ஒதுக்க இடமில்லை. இது பிடிவாதமாக இருந்திருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள். சண்டை போட முடியாதபடி இருந்தது. அவள் அந்த அறையைச் சுற்றிப் பார்த்தாள்: ஜெயமணி துடைத்த சன்னல், பவுடர் டப்பா, துணி உலர்த்தும் கொடி, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒருக்களித்துப் போகும் அளவுக்கு மட்டும் விட்டிருந்த இடம். அந்த இடம் இரண்டு வருடமாக அவளுடைய இடுப்பின் அளவு.

மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் ஓர் ஆளை விசாரித்தார்கள். மார்ச்சுக்கு மேல்தான் வரமுடியும் என்றான். சாயங்காலம் டெர்வின் சாப்பிடும்போது பெனிட்டா அவனுக்கு எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா ஏன் சாப்பிடவில்லை என்பதையும், ஜெயமணியிடம் இதைச் சொல்ல முடியாது என்பதையும், ஆண்பிள்ளை செய்தால் அவர் ஒத்துக்கொள்வார் என்பதையும், இந்த வீட்டில் ஆண்பிள்ளை ஒருவன்தான் என்பதையும். டெர்வின் கேட்டுக்கொண்டே சோற்றைப் பிசைந்தான். ரொம்ப நேரம் பிசைந்தான்.

“நீ ஊதுறத மேலயே ஊதிரேன். யாரு கண்டுபிடிக்கப் போறா?”

“நான் கண்டுபிடிப்பேம்லா.”

“பாப்போம்” என்றான். பாப்போம் என்றால் அவன் வீட்டில் நடக்காது என்று பொருள். பட்டறையில் அவன் அந்தச் சொல்லைச் சொல்லி அவள் கேட்டதில்லை.

புதன்கிழமை, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன். காலைப் பூசைக்குப் போய்விட்டு நெற்றியில் சாம்பலோடு திரும்பிய ஜெயமணி, இன்றைக்கு ஒருசந்தி நோன்பு, அப்பா சாப்பிடாவிட்டாலும் பாவமில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் ஒருசந்தி கிடையாது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. பதினோரு மணிக்கு ஹேடோ துறையிலிருந்து கப்பல் புறப்படும். பத்தரைக்குத் துறைக் கதவை அடைத்துவிடுவார்கள். ஒன்பதரைக்கு ஆட்டோ வந்து நின்றது. பிரவீன்குமார் வந்து சூட்கேஸையும் சாக்ஸபோன் பெட்டியையும் ஏற்றிவிட்டு, சென்னைக்காரர்கள் யாராவது கிளிப்பைக் கேலி பண்ணினால் தன் பெயரைச் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டான். அவள் சிரித்தாள். சிரித்த சுவடு முகத்தில் இருக்கும்போதே திரும்பி வீட்டுக்குள் வந்தாள்.

டெர்வின் அப்பாவின் அறை வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். அவள் அவனைத் தாண்டி உள்ளே போய், கஸ்பாரின் தலைமாட்டில் ஒரு ஸ்டூலைப் போட்டாள். ஸ்டூலின் மேல் தேங்காயெண்ணெய், பவுடர், மடித்த துணிகள். பிறகு வந்து டெர்வினின் கையைப் பிடித்துத் தூக்கினாள். அவன் எழுந்தான். உள்ளே கூட்டிப் போனாள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் அவன் உடம்பு நுழையவில்லை. கட்டிலைக் கொஞ்சம் இழுத்துப்போட்டாள். கஸ்பார் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கவில்லை என்பது இமைகளில் தெரிந்தது.

ஒரே ஒரு தடவை செய்து காட்டினாள். ஒரு கை தோளுக்குக் கீழே, ஒரு கை முட்டிக்குப் பின்னால், இழுக்கக் கூடாது, உருட்ட வேண்டும். இஞ்சினைப் பீடத்திலிருந்து புரட்டுவீர்களே அதேபோல என்றாள். முதுகில் இரண்டு இடத்தில் தோல் சிவந்திருக்கும், அங்கே தேய்க்கக் கூடாது, ஒற்றி எடுக்க வேண்டும். துணியைச் சுருட்டி வெளியே கொண்டுவந்தால் போதும், துவைப்பது ஜெயமணியின் பாடு. டெர்வின் எல்லாவற்றையும் பார்த்தான். கைகள் இரண்டையும் பின்னால் கட்டியிருந்தான்.

வெளியே ஆட்டோக்காரர் ஒரு முறை ஹாரன் அடித்தார். பிரவீன்குமார் அவரிடம் இந்தியில் ஏதோ சொல்லி நிறுத்தினான்.

“பத்து நாளு” என்றாள் பெனிட்டா. “ராத்திரி கஞ்சிய ஜெயமணி குடுப்பா. நீங்க பக்கத்துல இருந்தா மாமா குடிப்பாவ. காலைல நீங்க கழுவிவிடுவியன்னு தெரிஞ்சாத்தான் குடிப்பாவ. நான் வேற ஒண்ணுங் கேக்கல. கழுவுவியளா?”

டெர்வின் மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தான். அது நின்றிருந்தது, கரண்டு இல்லை. கீழே பார்த்தான். கஸ்பாரின் இமைகள் அசைந்து, அசையாமல் நின்றன. சமையலறையில் பாத்திரச் சத்தம்கூட நின்றுவிட்டது. ஜெயமணி அங்கேயிருந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

பெனிட்டா காத்திருந்தாள். கோபம் வரவில்லை அவளுக்கு. வந்திருந்தால் இன்னும் நாலு வார்த்தை பேசி, அந்தப் பேச்சிலேயே நேரம் போயிருக்கும். மணி ஒன்பது ஐம்பது ஆயிற்று. ஸ்டூலிலிருந்து ஒரு துணியை எடுத்து நாலாக மடித்தாள். அவன் பின்னால் கட்டியிருந்த கையை முன்னால் இழுத்து, அதில் துணியை வைத்து, அவன் விரல்களை மடக்கிவிட்டாள்.

“என்னங்க?” என்று இன்னும் ஒரு முறை கேட்டாள்.

பிறகு குனிந்து மாமனாரின் காலைத் தொட்டுவிட்டு, அறையைவிட்டு வெளியே போய் ஆட்டோவில் ஏறினாள்.